சிவப்புக் கழுகு டிவிஷன்: அன்றைய 4-வதும் இன்றைய 4-வதும் ஒன்றுதானா?

உங்கள் கேள்வியில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. தாத்தா மெட்ராஸ் சாப்பர்ஸில், அதாவது பாதை போட்டு, கண்ணிவெடி அகற்றும் ராணுவப் பொறியாளர் படையில் இருந்து, இரண்டாம் உலகப் போரில் இத்தாலி வரை போய் வந்தவர். பழைய புகைப்படத்தில் அவர் சட்டைத் தோளில் ஒரு கழுகுச் சின்னம் தெரிகிறது. பிரயாக்ராஜில் இருக்கும் இன்றைய 4-வது இன்ஃபன்ட்ரி டிவிஷனும் அதே சின்னத்தை வைத்திருக்கிறது. இரண்டும் ஒரே படைதானா என்பது முதல் கேள்வி. "62-ல் சீனாக்காரனைப் பார்த்து ஓடிய டிவிஷன் அது" என்று யாரோ எழுதியதைப் படித்து மனம் வருந்தியிருக்கிறீர்கள். அது உண்மையா என்பது இரண்டாவது. முதலாவதைவிட இரண்டாவதுதான் உங்களை உறுத்துகிறது என்று நினைக்கிறேன். பெங்களூரு மெட்ராஸ் என்ஜினியர் குரூப்பில் (மெட்ராஸ் சாப்பர்ஸின் இன்றைய பெயர்) பயிற்சி பெற்று சர்வீஸ் முடித்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு பெரும்பாலும் படைப்பிரிவு வரலாறுகளைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். தெரிந்த அளவில் இரண்டுக்கும் பதில் சொல்கிறேன்.

ஆம், இன்றைய 4-வது டிவிஷன், இரண்டாம் உலகப் போரில் அந்தக் கழுகை அணிந்திருந்த 4-வது இந்தியன் டிவிஷனின் நேரடி வாரிசுதான். எண், சின்னம், தலைமையகத்தின் பரம்பரை எல்லாம் அதனுடையவை. ஆனால் ரெஜிமென்ட்டுக்கு வாரிசு இருப்பது வேறு விதம், டிவிஷனுக்கு வாரிசு இருப்பது வேறு விதம். ஒரு ஜவான் சேருவது ரெஜிமென்ட்டில். பயிற்சி முடித்து சத்தியப் பிரமாணம் எடுப்பதும், பென்ஷன் வாங்குவதும், சாகும்வரை "என் பல்டன்" (என் படை) என்று சொல்வதும் அதைத்தான். டிவிஷன் என்பது போருக்காகக் கட்டும் அமைப்பு. மூன்று பிரிகேட், ஒவ்வொன்றிலும் மூன்று பட்டாலியன், கூடவே பீரங்கி, சாப்பர், சிக்னல், சப்ளை, ஆஸ்பத்திரி எல்லாம் சேர்ந்தால் பதினைந்தாயிரம் பேருக்குக் குறையாது. பட்டாலியன்கள் இரண்டு மூன்று வருடம் இருந்துவிட்டு வேறு இடத்துக்கு மாறிப் போகும். நிலைத்து நிற்பது தலைமையகமும் பிரிகேட் எண்களும் சின்னமும்தான். அதனால் "அதே டிவிஷன்" என்று சொல்லும்போது அதே ஆட்கள், அதே பட்டாலியன்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சில பட்டாலியன்கள் மட்டும் திரும்பத் திரும்ப இதே கழுகின் கீழ் வந்து நின்றிருக்கின்றன. அதைப் பின்னால் சொல்கிறேன், உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடையே அதில்தான் இருக்கிறது.

டிவிஷன் பிறந்தது இந்தியாவில் இல்லை, எகிப்தில். 1939-ல் போர் மூளும் நேரத்தில் 11-வது இந்தியன் பிரிகேட் அங்கே போய் இறங்கியது. பிறகு 5-வது, 7-வது பிரிகேட்கள் சேர்ந்தன. அன்றைய வழக்கப்படி ஒரு பிரிகேடில் ஒரு பிரிட்டிஷ் பட்டாலியன், இரண்டு இந்திய பட்டாலியன். 1940 டிசம்பர் 9 அதிகாலையில் நிபெய்வா என்ற இத்தாலிய முகாமை மட்டில்டா டாங்கிகளோடு பின்பக்கமாகச் சுற்றிவந்து தாக்கியதுதான் இதன் முதல் பெரிய சண்டை. மூன்றே நாளில் சிடி பர்ரானி விழுந்தது. அந்தச் சண்டைகளில் பிரிட்டிஷ் தரப்பிடம் பிடிபட்ட கைதிகள் 38,000 பேருக்கு மேல். வெற்றியின் சூடு ஆறும் முன்பே டிவிஷனைக் கிளப்பி சூடானுக்கு அனுப்பி, அங்கிருந்து எரித்ரியாவின் கெரென் மலைக்குக் கொண்டுபோனார்கள். பிப்ரவரி தொடக்கத்திலிருந்து 1941 மார்ச் 27 வரை, ஏழு வாரத்துக்கு மேல் அந்த மலையில் ரத்தம் சிந்தினார்கள். ராஜ்புதானா ரைபிள்ஸின் சுபேதார் ரிச்பால் ராம் அங்கேதான் விழுந்தார். அவருக்கு பிரிட்டிஷ் ராணுவத்தின் உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸ் கிடைத்தது. கடைசியில் டோங்கோலாஸ் கணவாயில் இத்தாலியர்கள் பாறையை வெடித்துச் சரித்து மூடியிருந்த பாதையைத் திறந்தது சாப்பர்கள். அந்தப் பாதை திறக்காவிட்டால் டாங்கியும் போயிருக்காது, கெரெனும் விழுந்திருக்காது.

அடுத்து சிரியா, திரும்பவும் பாலைவனம். எல்லாம் வெற்றி இல்லை. 1942 ஜூனில் டோப்ரூக் வீழ்ந்தபோது 11-வது பிரிகேட் மொத்தமாகப் பிடிபட்டது. பிறகு அதை மறுபடி கட்ட வேண்டியிருந்தது. டிவிஷன் என்ற அமைப்பு எவ்வளவு அடி வாங்கினாலும் எண் அழியாமல் திரும்ப எழுந்து நிற்கும் என்பதற்கு முதல் உதாரணம் இது.

சாப்பர்களைப் பற்றிச் சொல்லாமல் உங்கள் தாத்தாவைப் பற்றிப் பேச முடியாது. 4-வது டிவிஷனுக்கு மூன்று ஃபீல்டு கம்பெனிகள் இருந்தன. 4-வது வங்காள சாப்பர்ஸ், 12-வது மெட்ராஸ் சாப்பர்ஸ், 21-வது பம்பாய் சாப்பர்ஸ். இவற்றோடு கருவிகளையும் தளவாடங்களையும் வைத்திருக்கும் 11-வது ஃபீல்டு பார்க் கம்பெனி என்று ஒன்று, அதுவும் மெட்ராஸ்தான். ஆக, தோளில் கழுகு இருந்து அவர் 'தம்பி'யாகவும் (மெட்ராஸ் சாப்பரின் செல்லப்பெயர்) இருந்தால் 12 அல்லது 11, இந்த இரண்டில் ஒன்றில் இருந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். 1943 மார்ச்சில் துனிசியாவின் மாரெத் அரணில் வாதி ஸிக்ஸாவ் என்ற ஆழமான ஓடையைக் கடக்க வேண்டியிருந்தது. இரண்டு பக்கமும் செங்குத்தான கரை, அடியில் தண்ணீரும் சேறும். முன்பு சுள்ளிக்கட்டுகளைப் போட்டு அமைத்த பாதை டாங்கிகளின் பாரத்தில் உள்வாங்கிவிட்டது. அந்த ஓடைக்குள் இரவில் வங்காள சாப்பர்களும் மெட்ராஸ் சாப்பர்களும் இறங்கி, தலைக்கு மேல் குண்டு விழுந்துகொண்டிருக்கும்போதே புதுப் பாதை போட்டார்கள். துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு கையில் மண்வெட்டியோடு நிற்கும் மனிதனுக்கு திருப்பிச் சுடக்கூட நேரம் கிடையாது. சாப்பரின் வீரத்தை மற்றவர்கள் புரிந்துகொள்ளச் சிரமப்படுவது இதனால்தான். அடுத்த மாதம் வாதி அகாரிட்டில் கூர்க்கா சுபேதார் லால்பகதூர் தாப்பாவும், ஜெபல் கார்சியில் ராஜ்புதானா ரைபிள்ஸின் செலு ராமும் விக்டோரியா கிராஸ் பெற்றார்கள். மே 12-ல் ஆப்பிரிக்காவிலிருந்த ஜெர்மானியப் படைகளின் தலைவர் வான் ஆர்னிம் சரணடைந்ததும் இந்த டிவிஷனிடம்தான்.

இத்தாலியில் உங்கள் தாத்தா பார்த்த பெரிய களம் கஸினோ. 1944 பிப்ரவரி 15 அன்று மேலே இருந்த மடாலயத்தை விமானங்கள் குண்டு வீசித் தகர்த்தன. அதைக் கேட்டது 4-வது டிவிஷனின் தளபதி டக்கர் என்பது உறுதி. குண்டு விழுவதற்கு முன் மடாலயத்துக்குள் ஜெர்மானியர் இருந்தார்களா என்பது நெடுங்காலம் சர்ச்சையில் இருந்தது. இல்லை என்பதே இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கும் முடிவு. குண்டு வீசியதால் பலன் ஒன்றும் இல்லை. இடிபாடுகள் ஜெர்மானியருக்கு இன்னும் நல்ல அரணாகிவிட்டன. மார்ச்சில் 1/9 கூர்க்கா பட்டாலியன் (9-வது கூர்க்கா ரைபிள்ஸின் 1-வது பட்டாலியன்) மடாலயத்துக்குச் சற்றுக் கீழே 'தூக்குக்காரன் குன்று' என்று அழைக்கப்பட்ட மேட்டைப் பிடித்து, விமானத்திலிருந்து போட்ட சாப்பாட்டையும் தண்ணீரையும் நம்பி ஒரு வாரத்துக்கு மேல் அங்கேயே நின்றது. இந்தப் பட்டாலியன் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். டாங்கிகள் பின்பக்கமாக ஏற, ஆட்டுப்பாதை ஒன்றை அகலப்படுத்தி 'கேவெண்டிஷ் ரோடு' போட்டது இந்திய சாப்பர்களும் நியூஸிலாந்து என்ஜினியர்களும். எதிரி கண்ணில் படாமலிருக்க வலையால் மறைத்துக்கொண்டு வேலை செய்தார்கள். மார்ச் சண்டையில் மட்டும் டிவிஷன் இழந்தது, காயம்பட்டவர்களையும் சேர்த்து, சுமார் 3,000 பேர்.

அதே வருடம் ஜூன் 24-ல் மின்யானோ அருகே 11-வது ஃபீல்டு பார்க் கம்பெனியின் சுபேதார் சுப்ரமணியன் தன் ஆட்களோடு கண்ணிவெடி அகற்றிக்கொண்டிருந்தார். ஒன்று தூண்டப்பட்டுவிட்டது. நொடிகளில் வெடிக்கும் என்று தெரிந்ததும் அதன்மேல் தன் உடம்பைப் போட்டு மற்றவர்களைக் காப்பாற்றி இறந்தார். எதிரியோடு நேரடிச் சண்டை அல்லாத இடத்தில் காட்டும் வீரத்துக்கான உயரிய விருதான ஜார்ஜ் கிராஸ் அவர் இறந்த பிறகு வழங்கப்பட்டது. செங்கல்பட்டு ஜில்லாக்காரர். உங்கள் தாத்தா பார்க் கம்பெனியில் இருந்திருந்தால் அவரை நேரில் தெரிந்திருக்கும்.

செப்டம்பரில் சான் மரினோ அருகே 1/9 கூர்க்காவின் ஷேர் பகதூர் தாப்பா டிவிஷனின் நான்காவது விக்டோரியா கிராஸைப் பெற்றார். பிறகு கிரீஸ். 1946-ல் டிவிஷன் இந்தியா திரும்பியது.

திரும்பியவர்களுக்கு ஓய்வு கிடைக்கவில்லை. 1947 ஆகஸ்டில் பிரிவினைக் கலவரத்தை அடக்க அமைத்த பஞ்சாப் எல்லைப் படைக்கு இந்த டிவிஷனின் தலைமையகம்தான் தலைமை. ரீஸ் என்ற தளபதி பன்னிரண்டு மாவட்டங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஒரே மாதத்தில் அந்தப் படையைக் கலைத்துவிட்டார்கள். இன்னொரு பக்கம் ராணுவத்தையே பங்கு போட்டார்கள். சிடி பர்ரானியிலும் கெரெனிலும் நின்ற 3/1 பஞ்சாப், பாலைவனத்தில் இருந்த 4/16 பஞ்சாப் இரண்டும் பாகிஸ்தானுக்குப் போயின. லால்பகதூர் தாப்பாவின் 2-வது கூர்க்கா ரைபிள்ஸ் பிரிட்டனுக்குப் போனது. ராஜ்புதானா ரைபிள்ஸும் 9-வது கூர்க்காவும் இந்தியாவுக்கு. ஆக, கழுகின் கீழ் கிடைத்த போர் விருதுகளை இன்று மூன்று நாட்டு ராணுவங்கள் தங்கள் வரலாறு என்று சொல்கின்றன. மூன்று பேர் சொல்வதும் நியாயமே. எண்ணும் சின்னமும் மட்டும் இந்தியாவில் தங்கின. அந்த செப்டம்பரில் தளபதி திம்மய்யா 4-வது டிவிஷனின் பொறுப்பை எடுத்து அகதிகளைக் காப்பாற்றிக் கொண்டுவரும் வேலையைப் பார்த்தார். "நேரடி வாரிசு" என்று நான் சொல்வதற்கு ஆதாரம் இந்தத் தொடர்ச்சி.

சரி, 1962-க்கு வருவோம். ஐம்பதுகளில் டிவிஷன் அம்பாலாவில் சமவெளிப் போருக்கான படையாக இருந்தது. தளபதி பி. எம். கௌல் ஜவான்களை வைத்து அங்கே வீடுகள் கட்டினார். 1959-ல் அதை அப்படியே தூக்கி வடகிழக்கு எல்லைக்கு அனுப்பினார்கள். இன்றைய அருணாசலப் பிரதேசம் அது. மலைக்குத் தேவையான உடையோ, பாதையோ, பீரங்கியோ கிடையாது. 11-வது பிரிகேடைப் பிரித்து நாகாலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். நம்கா சூ என்ற ஓடைக்கரையில் 7-வது பிரிகேடைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். எதிரில் மேட்டில் சீனர்கள், பள்ளத்தில் நம் ஆட்கள். பருத்திச் சட்டை, கேன்வாஸ் ஷூ, ஆளுக்கு ஐம்பது தோட்டா. அந்த பிரிகேடின் தலைவர் பிரிகேடியர் டால்வி இந்த இடத்தில் நிற்க முடியாது என்று மேலே சொல்லிக்கொண்டே இருந்தார். அக்டோபர் 20 காலையில் தாக்குதல் வந்தது. 2 ராஜ்புத் பட்டாலியனில் இருந்த 513 பேரில் 282 பேர் அன்று இறந்தார்கள். டால்வி பிடிபட்டார். அங்கே நின்ற மற்ற பட்டாலியன்களில் ஒன்று 4 கிரெனேடியர்ஸ். இன்னொன்று, கஸினோவின் குன்றில் நின்ற அதே 1/9 கூர்க்கா.

513-ல் 282 பேர் செத்த இடத்தில் "ஓடினார்கள்" என்று எழுத எவருக்கும் உரிமை கிடையாது. அக்டோபர் 23-ல் பும் லாவில் சீக்கிய பட்டாலியனின் சுபேதார் ஜோகிந்தர் சிங் தன் பிளட்டூனோடு கடைசிவரை சண்டை போட்டு பரம் வீர் சக்ரா பெற்றதும் இதே களத்தில்தான். ஆனால் மறைக்கவும் கூடாது. நவம்பர் 17, 18 தேதிகளில் சே லா கணவாய், திராங், பொம்டிலா அடுத்தடுத்து விழுந்தபோது டிவிஷன் ஒரு டிவிஷனாகச் சண்டை போடவில்லை. அதற்குள் தளபதி மாறியாகிவிட்டது. 62, 65, 48 எண்ணுள்ள பிரிகேட்களும் எங்கெங்கிருந்தோ வந்த பட்டாலியன்களும் ஒருவரை ஒருவர் தெரியாமல் ஒரே தலைமையகத்தின் கீழ் குவிந்திருந்தன. சே லா போன்ற வலுவான இடத்தைச் சரியான சண்டை இல்லாமலே கைவிட்டது தலைமையின் தோல்வி. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அன்று பொம்டிலாவில் இருந்தது எண்ணிலும் சின்னத்திலும் 4-வது டிவிஷன். சேர்ந்து பயிற்சி செய்து ஒருவரை ஒருவர் நம்பிய 4-வது டிவிஷன் அங்கே இருக்கவில்லை. நூரானாங்கில் ஜஸ்வந்த் சிங் ராவத் தனியாக மூன்று நாள் சீனர்களைத் தடுத்தார் என்ற கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அவர் மகா வீர் சக்ரா பெற்றதும், 4 கர்வால் பட்டாலியன் அங்கே நன்றாகச் சண்டை போட்டதும் பதிவான உண்மை. மூன்று நாள், தனியாள் என்ற பகுதி மக்கள் பக்தியில் வளர்ந்த கதை. அதை வரலாறாக எடுத்துக்கொள்ள நான் தயங்குவேன்.

மூன்று வருடத்துக்குள் நடந்ததைப் பாருங்கள். 4-வது டிவிஷனை மலை டிவிஷனாக மாற்றி அமைத்திருந்தார்கள். 1965-ல் அதைக் கொண்டுபோய் பஞ்சாப் சமவெளியில் கேம் கரண் பக்கம் இறக்கினார்கள். மலை டிவிஷன் என்றால் லேசான பீரங்கி, குறைவான வண்டிகள், டாங்கியை எதிர்க்கும் ஆயுதம் சொற்பம். எதிரில் பாகிஸ்தானின் 1-வது கவச டிவிஷன் (டாங்கிப் படை), பாட்டன் டாங்கிகளோடு. செப்டம்பர் 6-ல் தொடங்கிய நம் முதல் தாக்குதல் தோற்றது. சில பட்டாலியன்கள் குலைந்தே போயின, அதையும் சொல்லத்தான் வேண்டும். தளபதி குர்பக்ஷ் சிங் மிச்சமிருந்தவர்களை அஸல் உத்தர் கிராமத்தைச் சுற்றி குதிரை லாடம் போலப் பின்வாங்கி நிறுத்தினார். பிரிகேடியர் தியாகராஜின் 2-வது கவச பிரிகேட் அவருக்குத் துணை. செஞ்சூரியன் டாங்கிகளைக் கரும்புத் தோட்டத்துக்குள் ஒளித்தார்கள். கால்வாயை உடைத்து வயல்களை நனைத்தார்கள். செப்டம்பர் 8 முதல் 10 வரை பாட்டன்கள் வந்து வந்து சேற்றில் சிக்கின. ஜீப்பில் பொருத்திய, டாங்கியைத் துளைக்கும் ரீகாயில்லெஸ் துப்பாக்கியோடு டாங்கிகளை ஒவ்வொன்றாகச் சுட்டுவிட்டு 10-ம் தேதி இறந்த அப்துல் ஹமீது, 4 கிரெனேடியர்ஸ். நம்கா சூவில் நின்ற அதே பட்டாலியன், அதே 7-வது பிரிகேட். 1/9 கூர்க்காவும் அந்த டிவிஷனில் இருந்தது. இந்தியத் தரப்புக் கணக்கில் பாகிஸ்தான் இழந்த டாங்கிகள் 97. ஹமீது தனியாக அழித்தது எத்தனை என்பதில் மூன்றிலிருந்து ஏழு, எட்டு வரை நூலுக்கு நூல் மாறுகிறது. எண்ணிக்கையில் வேறுபாடு இருக்கலாம், அந்த மூன்று நாளில் பாகிஸ்தானின் கவச டிவிஷன் முடங்கியதில் வேறுபாடு இல்லை. 62-ஐச் சொல்லிக்காட்டியவரிடம் நீங்கள் கேட்க வேண்டியது இதுதான்: அதே பட்டாலியன், அதே பிரிகேட், மூன்றே வருடம், அப்படியானால் 62-ல் குறை ஜவானிடமா இருந்தது?

1971-ல் வங்காளதேசப் போரில் டிவிஷன் கிருஷ்ணநகர் பக்கமிருந்து புகுந்து தர்ஷனா, ஜெனைதா என்று முன்னேறியது. குஷ்டியாவில் மட்டும் ஒரு பதுங்கித் தாக்குதலில் டாங்கிகளை இழந்து அடி வாங்கியது. கடைசியில் மதுமதி ஆற்றைக் கடந்து பரித்பூர் பக்கம் போகும்போது போர் முடிந்தது.

அப்புறம், தமிழில் இதை எழுதிவிட்டு இலங்கையைச் சொல்லாமல் போக முடியாது. இந்திய அமைதிப் படையில் இருந்த நான்கு டிவிஷன்களில் இதுவும் ஒன்று. யாழ்ப்பாணத்தில் 54, திருகோணமலையில் 36, மட்டக்களப்பில் 57, வவுனியாவில் 4. வன்னிக் காட்டுக்குள் இந்தக் கழுகுச் சின்னத்தோடு போனவர்களில் தமிழ் பேசும் ஜவான்களும் உண்டு, எதிரில் இருந்தவர்களும் தமிழர்கள், நடுவில் மாட்டிக்கொண்ட ஊர் மக்களும் தமிழர்கள். 1990 மார்ச்சில் அமைதிப் படை திரும்பும்போது இந்தியா இழந்திருந்தது ஏறத்தாழ 1,200 பேரை. அங்கே பொதுமக்கள் பட்டது அதைவிடப் பல மடங்கு. ஒரு டிவிஷனின் பெருமையைப் பேசும்போது இந்த அத்தியாயத்தைத் தாண்டிக் குதிப்பது நேர்மை இல்லை. வவுனியாக்காரர் ஒருவருக்கு அந்தக் கழுகு உங்கள் தாத்தா படத்தில் இருக்கும் கழுகைப் போலத் தெரியாது. அதையும் நாம் மதிக்க வேண்டும்.

இன்று 4-வது இன்ஃபன்ட்ரி டிவிஷனின் தலைமையகம் பிரயாக்ராஜில், மதுராவிலிருக்கும் 1-வது கோரின் (பல டிவிஷன்கள் சேர்ந்த அமைப்பு) கீழ் இருக்கிறது. சிவப்புக் கழுகு டிவிஷன் என்றுதான் இன்றும் பெயர். நீங்கள் அங்கே போய் தாத்தாவின் பெயரைத் தேடினால் கிடைக்காது. முன்பு சொன்ன காரணம்தான், ஜவானின் காகிதம் டிவிஷனில் தங்காது. அவருடைய பதிவு இருக்குமானால் பெங்களூரில், மெட்ராஸ் என்ஜினியர் குரூப்பின் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்தில் இருக்கும்.

முதலில் வீட்டில் அவருடைய டிஸ்சார்ஜ் சர்டிபிகேட்டைத் தேடுங்கள். பெட்டி அடியிலோ நிலப் பத்திரங்களோடோ மடித்து வைத்திருப்பார்கள். அதில் சர்வீஸ் நம்பர் இருக்கும். அது இல்லாமல் எழுதினால் 'முனுசாமி', 'ஆறுமுகம்' என்ற பெயரில் நூறு பேர் வருவார்கள். நம்பர், முழுப்பெயர், அப்பா பெயர், அன்றைய ஜில்லா, தாலுகா எல்லாவற்றையும் எழுதி, உங்கள் உறவைக் காட்டும் சான்றின் நகலோடு ரெக்கார்ட்ஸுக்கு விண்ணப்பியுங்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் மூலம் அனுப்பினால் பதில் வரும் வாய்ப்பு கூடும். 'ஷீட் ரோல்' என்று கேளுங்கள். எந்தக் கம்பெனி, எந்தத் தேதியில் கப்பல் ஏறினார் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். மெடல்களில் ஆப்பிரிக்கா ஸ்டாரும் இத்தாலி ஸ்டாரும் சேர்ந்திருந்தால் 4-வது டிவிஷன் என்ற ஊகம் வலுக்கும். இத்தாலி ஸ்டார் மட்டும் என்றால் உறுதியாகச் சொல்ல முடியாது, 8-வது, 10-வது இந்தியன் டிவிஷன்களும் அங்கே இருந்தன. கறுப்பு வெள்ளைப் படத்தில் சின்னத்தின் நிறம் தெரியாது, விரித்த சிறகு தெளிவாக இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். கம்பெனி எண் கிடைத்ததும் இங்கேயே எழுதுங்கள். 12 என்றால் மாரெத் ஓடையைப் பற்றி இன்னும் விரிவாகச் சொல்கிறேன்.